ஸ்டேஷனுக்கு வரும் பணமும் நம் கேள்வியும்

(வியாசர்பாடிப் படிப்பகம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மீன் விற்றுவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் காசிமேட்டு அக்காக்களுக்கும், இடம் இல்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

2003ஆம் வருடம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு, "சும்மா விசாரணைதான், வந்துட்டுப் போப்பா" என்று எங்கள் சின்ன அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்க் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா" என்பார் ரைட்டர். மூன்றாம் நாள் அண்ணன் வெளியே வந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை. தேடிய ஆள் வேறு ஒருவன் என்று பிறகுதான் தெரிந்தது. எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பல பேர் வீட்டில் இப்படி ஒரு ராத்திரி இருக்கிறது.

அந்த இரண்டு நாளுக்கு ஒரு காகிதம் கூடக் கிடையாது. கைது செய்தால் அந்த இடத்திலேயே குறிப்பு எழுதி சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல். அண்ணனைக் கொண்டுபோனது அதற்கு ஏழு வருடம் கழித்து. தீர்ப்பு டில்லியில் இருந்தது, அம்மா வாசலில் இருந்தாள்.

இன்று நான் பேச வந்தது பணத்தைப் பற்றி. போலீசுக்கு அரசு கொடுக்கும் பணம் எதற்கு வருகிறது, என்ன நிபந்தனையோடு வருகிறது என்று நாம் கேட்பதே இல்லை. காவல் படை நவீனமயமாக்கலுக்கு மத்திய அரசு 60 பங்கு, தமிழ்நாடு 40 பங்கு போடுகின்றன. ஆயுதம், வயர்லெஸ், தடயவியல் கருவி எல்லாம் அதில் வரும். 2012 டில்லிக் கொடுமைக்குப் பிறகு உண்டான நிர்பயா நிதியிலிருந்து எட்டு மாநகரங்களுக்குப் பாதுகாப்பான நகரத் திட்டம் வந்தது. அதில் சென்னைக்கு ஏறக்குறைய 425 கோடி ரூபாய். பெண்கள் பாதுகாப்புக்கு வந்த பணம் அது, நான் அதை வரவேற்கிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருமுனைக் கேமரா ஒரு துணைதான்.

ஆனால் தெருவில் இருக்கும் கேமரா நம்மைப் பார்க்கிறது. ஸ்டேஷனுக்குள் இருக்கும் கேமராவை யார் பார்க்கிறார்கள்?

சாத்தான்குளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜூன். போலீஸ் பிடித்துக்கொண்டுபோன அப்பாவும் பிள்ளையும் செத்துப்போனார்கள். அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவைச் சேமிக்கப் போதிய இடமும் இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவு தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் எழுதினார். கேமரா வாங்கப் பணம் கொடுத்தவர்களில் ஒருவராவது, பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று எப்போதாவது கேட்டிருந்தால்?

அதே வருடம் டிசம்பர் 2ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது நம் கையில் இருக்கும் ஆயுதம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், வராண்டா, எஸ்.ஐ. அறை என எல்லா இடத்திலும் கேமரா வேண்டும். படத்தோடு குரலும் பதிவாக வேண்டும். பதிவு பதினெட்டு மாதம் நிற்க வேண்டும், முடியாவிட்டால் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. "இங்கே கேமரா கண்காணிப்பு இருக்கிறது, பாதிக்கப்பட்டவர் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம்" என்று நம் மொழியிலும் வாசலில் போர்டு வைக்க வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்குவது மாநிலத்தின் கடமை. மாநில மேற்பார்வைக் குழுவில் நிதிச் செயலாளரே உறுப்பினர். மாவட்டக் குழுவில் மேயருக்கும் இடம் உண்டு. மேயருக்கு! அதாவது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் வழியாக நம் கேள்வி அந்த அறைக்குள் போக முடியும்.

அமெரிக்காவில் 1994இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு லட்சம் போலீசாரைக் கூடுதலாக வேலைக்கு வைக்க ஊர்களுக்கு மானியம், அதைப் பங்கிட 'காப்ஸ்' என்று தனி அலுவலகம். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. ஒரு காவல்துறை தொடர்ந்து மக்களின் உரிமையை மீறினால் மத்திய அரசின் நீதி அமைச்சகமே அதன்மேல் வழக்குப் போடலாம். ஒரே சட்டத்தில் பணமும் இருந்தது, கணக்குக் கேட்கும் உரிமையும் இருந்தது. இதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2020 மே மாதம் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பின மனிதரை மடக்கிக் கொன்ற போலீசார் உடம்பில் கேமரா மாட்டியிருந்தார்கள். அப்படியும், மருத்துவக் கோளாறால் ஒருவர் இறந்தார் என்றுதான் காவல்துறையின் முதல் அறிக்கை சொன்னது. நடைபாதையில் நின்ற பதினேழு வயதுப் பெண் போனில் பிடித்த படம்தான் உண்மையை உலகத்துக்குக் காட்டியது.

நம் ஊரில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தான்" என்பார்கள். மாவுக்கட்டோடு போட்டோ வரும், நாமே அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரிப்போம். தம்பிகளா, கெஞ்சிக் கேட்கிறேன், இனி சிரிக்காதீர்கள். அந்தக் கையில் நான் எங்கள் அண்ணன் கையைப் பார்க்கிறேன்.

புகார் சொல்லப் போனால் எங்கே போவது? பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல், போலீஸ் மேல் வரும் புகாரை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் விசாரிக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டுவந்தது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்.பி.யும். அடித்தவரின் மேலதிகாரியிடமே அடிபட்டவர் போய் நிற்க வேண்டும். இதை மாற்றாமல் எத்தனை கோடி கொட்டினாலும் நம்பிக்கை வராது.

நம்பிக்கை எப்படி வரும் என்பதையும் இதே ஊரில் பார்த்திருக்கிறேன். போலீஸ் நடத்தும் சிறார் மன்றத்தில் கேரம் ஆடி, பாடம் படித்த பிள்ளைகள் எங்கள் தெருவிலும் உண்டு. சாயங்காலம் யூனிஃபார்மைக் கழற்றிவைத்துவிட்டுக் கணக்குச் சொல்லித்தந்த ஓர் ஏட்டையாவை அந்தப் பிள்ளைகள் இன்றும் 'சார்' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். 2022இல் சென்னைப் பள்ளிகளில், போலீசே பிள்ளைகளை நல்வழிப்படுத்தும் 'சிற்பி' திட்டம் வந்தது. நூறு பள்ளி, பள்ளிக்கு ஐம்பது பிள்ளைகள், 4.25 கோடி ரூபாய். முன்னால் சொன்ன 425 கோடியை நினைத்துப் பாருங்கள். நூறில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு ஒதுக்கும் பங்கு அதிகமாக வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

நம் பகுதி மக்கள் கூடும் அடுத்த ஏரியா சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். நம் பகுதி ஸ்டேஷன்களில் எத்தனை கேமரா வேலை செய்கிறது? பதிவு எத்தனை நாள் நிற்கிறது? வாசலில் தமிழில் போர்டு இருக்கிறதா? கேமராவைப் பராமரிக்க இந்த வருடம் எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது? இந்த நான்கு கேள்விதான். கவுன்சிலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவோம். அதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் போடுவோம். பதில் வந்ததும் இதே இடத்தில் கூடிப் படிப்போம்.

மனு அந்த மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து எங்கள் அண்ணன் போட்டது. இடது கையால் போட்டிருக்கிறார், கொஞ்சம் கோணலாக இருக்கும். அதற்குக் கீழே வரிசையாகப் போடுங்கள்.