மீசைப்புலிமலைச் சேறும் சாக்குச் சணலும்

வணக்கம் மக்களே. லென்சில் சேறு தெரிகிறதா? துடைத்துப் பார்த்தேன், சட்டையில் இருந்த சேறும் சேர்ந்து ஏறிவிட்டது. அதனால் இப்படியே பாருங்கள்.

மூணாறு பக்கம் மீசைப்புலிமலை ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறேன். உயரம் 2640 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரமான ஆனைமுடி 2695 மீட்டர் என்பதால் 55 மீட்டர்தான் குறைவு. மே மாதம்தானே, பாதை காய்ந்து கிடக்கும் என்று நம்பிப் போடியிலிருந்து வந்தேன். மூணு நாளாகச் சாயங்காலம் தவறாமல் இடியும் மழையுமாம். பருவமழைக்கு முந்தி வரும் இந்தக் கோடை மழையை மலையாளத்தில் வேனல் மழை என்பார்கள். பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கட்டும். மொட்டைப் புல்வெளியில் இடி நேரத்தில் நாமே உயரமான பொருளாக நிற்கக்கூடாது. அதனால்தான் விடியும் முன்பே ஏறி, இப்போது 11 மணிக்கு இறக்கத்தில் இருக்கிறோம். கூட வந்த வழிகாட்டி அண்ணன் எஸ்டேட்டுத் தமிழர். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்.

சரி, சேற்றுக்கு வருவோம். பாதையின் நடுவில் குழம்பு மாதிரிக் கிடந்தது. நான் ஓரத்துப் புல்லில் கால் வைத்து நாசூக்காகப் போனேன். அண்ணன் திரும்பிப் பார்த்து, "தம்பி, நடுவுலயே நடங்க" என்றார். ஷூ பாழாகுமே என்றேன். அவர் குச்சியால் ஒரு இடத்தைக் காட்டினார். ஓரடி அகலத்தில் இருக்க வேண்டிய பாதை அங்கே ஆறடிக்கு விரிந்திருந்தது. ஆளாளுக்கு ஓரம் தேடி மிதித்து, புல் செத்து, வேர் போய், அடுத்த மழை மண்ணை வாரிக்கொண்டு போய் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. சேற்றை ஒதுக்கி ஒதுக்கி நடந்தவர்கள்தான் அந்தச் சேற்றையே பெரிதாக்கியிருக்கிறார்கள். அதன்பிறகு நடுவிலேயே நடந்தேன். முழுப் பாதத்தையும் ஒரே சமயத்தில் வைத்து, அடியைச் சின்னதாக எடுத்து வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி. குதிகாலை முதலில் ஊன்றினால் சறுக்கல்தான். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அட்டைப்பூச்சி பற்றிக் கேட்பீர்கள். வெயில்பட்ட புல்வெளியில் அவ்வளவாக இல்லை, சோலைக்குள் நுழைந்ததும் வரிசையாக நின்று வரவேற்றது. கடிப்பது தெரியாது, சாக்ஸ் நனைந்த பிறகுதான் ரத்தம் என்று தெரியும். அது எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளை இறக்கிவிடுவதால் விழுந்த பிறகும் ரத்தம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை. நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்து, கழுவி, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

இப்போது என் சோகக்கதை. இந்த ஷூவைப் பாருங்கள். நல்ல விலை கொடுத்து வாங்கி, இரண்டு வருஷம் அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். உச்சியிலிருந்து பத்து நிமிஷம் இறங்கியிருப்பேன், வலது சோல் சேற்றிலேயே தங்கிவிட்டது, கால் மட்டும் மேலே வந்தது! உள்ளே இருந்த நுரை பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. பாலியூரித்தேன் நுரைக்குக் காற்றின் ஈரமே எதிரி. போடாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள் சிதைந்துகொண்டுதான் இருக்கும். மலைக்குக் கிளம்பும் முன் வீட்டைச் சுற்றி நாலு கிலோமீட்டர் நடந்து பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. பையிலிருந்து சாக்குச் சணல் எடுத்து, அடியில் இரண்டு பெருக்கல் குறி வருகிற மாதிரி வளைத்து, கணுக்காலில் முடிச்சுப் போட்டார். நைலான் என்றால் வழுக்குமாம், சணல் நனைய நனைய இறுகுமாம். வேடிக்கை என்னவென்றால், இப்போது கட்டுப்போட்ட வலது கால்தான் சேற்றைப் பிடிக்கிறது, நல்லா இருக்கிற இடது கால் வழுக்குகிறது.

பின்னால் பாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போடி சமவெளியில் பளீரென்று வெயில், இந்தப் பக்கம் மேகம் ஏறி வருகிறது. ஒரே முகட்டில் நின்று இரண்டையும் பார்க்கலாம். ஆனால் நிற்க நேரமில்லை, அண்ணன் கை காட்டுகிறார்.

ஒரு நிமிஷம்... இடது சோலும் நுனியில் வாய் திறக்கிறது. அண்ணே, சணல் மிச்சம் இருக்கா?