நூலுக்கு அவசரப்படாதீர்கள்: யாழ்ப்பாணத்தில் எழுதத் தொடங்குபவருக்கு

[காட்சி: யாழ். பொது நூலகத்தின் முகப்பு. பின்னர் சஞ்சிகைகள் அடுக்கிய ஒரு மேசை.]

வணக்கம். எழுத்தாளராக வேண்டும் என்று தீர்மானித்தவர் எங்கள் ஊரில் முதலில் விசாரிப்பது, ஒரு நூல் அடிக்க எவ்வளவு முடியும் என்பதைத்தான். அந்தக் கேள்வியை இரண்டு வருடம் தள்ளி வையுங்கள். அதற்குள் பத்துப் பன்னிரண்டு சிறுகதைகளாவது சஞ்சிகைகளிலும் பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களிலும் வந்திருக்கட்டும். ஆசிரியர் திருப்பி அனுப்பும் கதையை உட்கார்ந்து திருத்தலாம். அச்சாகி நூலுக்குள் போன நொய்ந்த கதையை யாராலும் திருத்த முடியாது.

அனுப்புவதற்கு முன்னர் வாசிக்க வேண்டும். டொமினிக் ஜீவா நடத்திய ‘மல்லிகை’ சஞ்சிகை 1966இல் தொடங்கி 2012 வரை வந்தது. அதன் பழைய இதழ்கள் ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த மண்ணின் பேச்சை எப்படிக் கதையாக்கினார்கள் என்பதை அங்கே இதழ் இதழாகப் பார்க்கலாம். இன்றைக்கு அனுப்புவதென்றால் ‘ஜீவநதி’, ‘ஞானம்’ போன்றவற்றின் கடைசி ஆறு இதழ்களையாவது வாங்கிப் புரட்டுங்கள். கதைக்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறார்கள் என்று எண்ணுங்கள். நான்கு பக்கம் கொடுக்கிற சஞ்சிகைக்குப் பத்துப் பக்கக் கதை அனுப்பினால், தரத்தைப் பார்க்கும் முன்னரே அது ஒதுங்கிவிடும். தொடங்குபவருக்கு 1,200 முதல் 1,500 சொற்கள் நல்ல அளவு.

[காட்சி: கையெழுத்துப் பிரதி. உரையாடல் வரி ஒன்றின் கீழ் சிவப்புக் கோடு.]

புதியவர்களின் கதைகள் அதிகம் தடுக்கி விழுவது உரையாடலில். பாத்திரம் முதல் வரியில் “நான் நேற்று வந்தனான்” என்கிறது. மூன்றாம் வரியில் தொலைக்காட்சித் தொடரின் தமிழுக்குப் போய், “நான் சொல்றேன்ல” என்கிறது. வாசகர் அந்த இடத்திலேயே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். “சொல்லுறன்” என்று எழுதுவதாக இருந்தால் கடைசி வரைக்கும் அப்படியே எழுதுங்கள். எங்கள் பேச்சில் “அம்மா என்னைப் பேசினவா” என்றால் திட்டினார் என்று பொருள்; சும்மா உரையாடினால் “கதைச்சவா”. இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டால் காட்சியின் பொருளே மாறிவிடும். எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு தடக்குப்படுகிற வரியைத்தான் திருத்த வேண்டும்.

கதையை அனுப்பும்போது இணையத்திலும் கைபேசியிலும் வழங்கும் யுனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பையும், அதன் பிடிஎஃப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் மூன்றும் மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் போதாது, கோப்புக்குள்ளும் இருக்க வேண்டும். கோப்பு ஆசிரியரிடமிருந்து பக்கம் அமைப்பவரிடம் போகும்போது மின்னஞ்சல் கூடப் போவதில்லை. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும். மூன்று மாதம் பொறுத்துப் பதில் இல்லையென்றால், திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிவிட்டு வேறிடத்துக்கு அனுப்பலாம். ஒரு கொப்பி போட்டு, எந்தக் கதை எங்கே என்றைக்குப் போனது என்று குறித்து வையுங்கள்.

[காட்சி: கணினித் திரை. ஒரே பந்தி இரண்டு எழுத்துருக்களில்.]

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விடயம் பாமினி எழுத்துரு. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் யுனிகோட் தமிழ் ஒழுங்காக விழாது. அதனால் பாமினியில் வேலை செய்யும் அச்சகங்கள் உண்டு. பாமினி என்பது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றி வைத்த எழுத்துரு. யுனிகோட்டிலிருந்து அதற்கும், அதிலிருந்து திரும்பவும் மாற்றும்போதுதான் பிழைகள் புகுகின்றன. பாமினியில் கால்புள்ளி விசையைத் தட்டினால் விழுவது ‘இ’. ஆகவே மாற்றிய பிரதியில் கால்புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் தனி ‘இ’ நிற்கும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அது பொருளற்ற தமிழ் எழுத்துகளாகச் சிதறிவிடும். மாற்றம் முடிந்ததும் தேடற் கட்டளையில் தனி ‘இ’யைத் தேடி ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

வருமானத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கதைக்கு மட்டும் கிடைக்கும் பணத்தை நம்பி வீடு நடத்த முடியாது. எழுத்துத் திறனுக்குக் கூலி கிடைப்பது செய்தி எழுதுதல், பிழை திருத்தல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில். சிங்களமோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்தால் மொழிபெயர்ப்பைப் பிடியுங்கள். ஆனால் பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிவு இருக்க வேண்டும்.

[காட்சி: மடிக்காத அச்சுத் தாள். ஒரு பாரம்.]

இப்போது நூல். அச்சகம் பாரம் கணக்கில் பேசும். ஒரு பாரம் 16 பக்கம். 1,500 சொல் வரும் பன்னிரண்டு கதைகள் என்றால் 18,000 சொல். பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் வைத்தால் 90 பக்கம். ஒவ்வொரு கதையும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் ஆறேழு பக்கம் கூடும். முன்னுரை, பொருளடக்கம், பதிப்பு விபரத்துக்குப் பத்து. மொத்தம் 106 அல்லது 107. ஏழு பாரத்துக்குள், அதாவது 112 பக்கத்துக்குள் அடங்கும். அணிந்துரை கேட்டு அது நீண்டு 113ஆம் பக்கத்தைத் தொட்டால் எட்டாவது பாரத்துக்கும் செலவு விழும். ஆகவே விலை பேசுவதற்கு முன்னர் அணிந்துரை கைக்கு வந்திருக்க வேண்டும்.

மெய்ப்பை, அதாவது அச்சிடுவதற்கு முன் திருத்தத்துக்குத் தரும் பிரதியை, மூன்று தரம் பாருங்கள். முதல் தரம் மூலத்தோடு ஒப்பிட்டு. இரண்டாம் தரம் ழகர ளகரமும் ஒற்றும் மட்டும். பேச்சில் நாங்கள் ழகரத்தை ளகரமாகச் சொல்லிப் பழகியதால் கண்ணும் அந்தப் பிழையைத் தாண்டிப் போகும். மூன்றாம் தரம் பொருளடக்கப் பக்க எண்களை உள்ளே உள்ளவற்றோடு சரிபாருங்கள். கடைசித் திருத்தத்தில் ஒரு பந்தி கூடினாலும் இந்த எண்கள் நகர்ந்துவிடும்.

ஐஎஸ்பிஎன் எனும் நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணை அச்சுக்கு முன்னரே கொழும்பிலுள்ள தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்துப் பெறுங்கள். இலங்கை நூலுக்கு அது 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். பதிப்புரிமைக்குத் தனியாகப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பின் 70 வருடம் நிற்கும். ‘முழு உரிமையும்’ என்று எழுதிய தாளில் கையொப்பம் இட வேண்டாம். இந்தப் பதிப்புக்கு மட்டும் என்று மாற்றி எழுதிக் கேளுங்கள்.

வெளியீட்டு விழாவில் பணம் வைத்த கடித உறையோடு வந்து பிரதி வாங்குவோரால்தான் அச்சுச் செலவின் ஒரு பங்கு திரும்பும். மிச்சத்தைப் புத்தகக் கடைக்குக் கொடுக்கும்போது எத்தனை பிரதி, எத்தனை வீதக் கழிவு, எப்போது கணக்கு என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எல்லாவற்றையும் விற்றுவிடாமல், நூலகங்களுக்கும் விருதுத் தேர்வுகளுக்கும் கொடுக்க இருபது பிரதியை ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.