அடுப்படிக் கலயம்

(மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தில், வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

உலக வறுமையைப் போக்க நம்மைப் போன்றவர்களால் என்ன முடியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் இருந்த மண்கலயம்தான் நினைவுக்கு வந்தது.

அம்மா உலை வைக்கும் முன் படியில் அரிசி அளப்பார். அளந்ததிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். பிடி அரிசி. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொள்ளும். நடவு முடிந்திருக்கும், அறுப்புக்குத் தை பிறக்க வேண்டும். கூலிக்குப் போகிற வீடுகளில் அந்த நாட்களில் அடுப்புப் புகையாது. யாராவது முறத்தோடு வந்து நின்றால் அம்மா ஒரு கேள்வி கேட்கமாட்டார். கலயத்தைக் கவிழ்ப்பார். அடியில் ஒட்டியிருக்கும் அரிசியையும் விரலால் வழித்துப் போடுவார்.

எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சினால் பார்க்கலாம் என்று அவர் ஒருநாளும் இருந்ததில்லை. உலையில் விழும் முன்பே எடுத்துவிடுவார். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். கொடுக்க நினைப்பதை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

மிஞ்சியதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2004 டிசம்பர் 26, சுனாமி. தமிழ்நாட்டில் அதிக உயிர்கள் போனது நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான், ஆறாயிரத்துக்கும் மேல். லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்தது, சாயம் போனது, பட்டன் இல்லாதது. அதற்கு முந்தின நாள்வரை படகும் வலையுமாகக் கௌரவமாக வாழ்ந்த மக்கள் அதைத் தொடவில்லை. துணி சாலையோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது. அனுப்பியவர்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பீரோவில் தேவைப்படாததை எடுத்து அனுப்பினார்கள். கரையில் என்ன தேவை என்று கேட்கவில்லை. அதே நாட்களில் நாம் பெயர்கூடக் கேட்டிராத ஊர்களிலிருந்து பணமும் மருந்தும் வந்தன. நம் முகம் தெரியாமலே கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் இருக்கிறவனுக்கு நாம் ஏன் செய்யவேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த டிசம்பரைச் சொல்லுங்கள்.

நாளுக்கு மூன்று டாலருக்கும் குறைவாக வாழ்கிறவர்களைக் கொடிய வறுமையில் இருப்பவர்கள் என்று உலக வங்கி 2025இல் வரையறுத்தது. அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பப் போட்ட கணக்கு அது. அப்படி எண்பது கோடிப் பேர். இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே விவசாயத்தை நம்பியவர்கள். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு நாடு. அங்கே மக்காச்சோளம்தான் சோறு. ஏப்ரலில் அறுப்பு. அதற்கு முந்தைய மழை மாதங்களில் குதிர் காலி. நம் ஐப்பசி, கார்த்திகை அவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இடைவெளியில்தான் குடமும் குண்டானும் அடகுக்குப் போகும். வட்டிக்கு வாங்கிய கடன் அடுத்த அறுப்புக் கூலியைத் தின்றுவிடும். அந்த வேளையில் கையில் விழும் ஒரு பிடி, தையில் கொடுக்கும் ஒரு மூட்டையைவிட அதிகம் தாங்கும்.

பிடி என்றதும் இன்னொன்று சொல்லவேண்டும். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கால் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். 1971 போரின்போது, அங்கிருந்து ஓடிவந்தவர்கள் தங்கியிருந்த மேற்கு வங்கத்து பங்கான் அகதி முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை டிரம்மில் நிரப்பி, சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதுவரை இருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. பிறகு 1980 முதல் பத்து ஆண்டுகள், பிராக் என்ற அமைப்பின் பெண்கள் வங்கதேசத்தில் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை லிட்டர் அளவு தண்ணீர். தாய்மார்கள் தங்கள் கையாலேயே கலக்கும்வரை கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள்! போனவர்கள் டாக்டர்கள் இல்லை. நம் தெருவில் இருக்கிற அக்கா, தங்கச்சி மாதிரிப் பெண்கள்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மலேரியாவால் இன்றும் ஆண்டுக்கு ஆறு லட்சம் பேர்போல இறக்கிறார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், ஐந்து வயது நிறையாத குழந்தைகள். மருந்து தோய்த்த கொசுவலை சில டாலர்தான். சம்பளம் வந்த அன்றே ஒரு வலைக்கான காசை ஒதுக்கிவிடட்டும், மாதக் கடைசிக்குத் தள்ளவேண்டாம்.

இங்கே இருக்கிற நாம்? வேலை வாங்கினால் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுங்கள். நாளைக்கு வா என்று சொன்னால் அன்று ராத்திரி அந்த வீட்டில் கடன் பிறக்கிறது.

போன மாதம் ஒரு ஆயா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "ரேகை விழுவலங்கிறாங்க சார். நாலு நாளா நடக்குறேன், அரிசி வாங்க முடியல." கையை வாங்கிப் பார்த்தேன். ஐம்பது வருஷம் சேற்றில் நாற்று நட்ட விரல்கள். ரேகை என்று ஒன்று அந்த விரல்களில் இல்லை, தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. நம் தட்டில் சோறு போட்டுத் தேய்ந்த விரல். அவருக்குப் பதிலாக வேறொருவர் ரேஷன் கடையில் பொருள் வாங்க எழுதிக்கொடுக்கும் படிவம் இருக்கிறது. மாதாமாதம் முதியோர் உதவித்தொகை இருக்கிறது. சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. எழுதத் தெரிந்த ஒரு ஆள்தான் அவர் பக்கத்தில் இல்லை.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரை வண்டியில் உட்காரவைத்துத் தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிப் போகிறேன். இதேபோல இன்னும் மூன்று பேர் மனு என் பையில் இருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.