சகோதரர் பாதியில் நிறுத்திய கதை

நடுவர் அவர்களே, எதிரணிச் சகோதரர்களே, சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிர்ப்பு வரும்போது விசுவாசத்தை மனதுக்குள் மறைத்துக் காப்பதா, வெளிப்படையாக வாழ்ந்து காட்டுவதா? இதுதான் தலைப்பு. வாழ்ந்து காட்டத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர் நம்மை ஜப்பானுக்கே அழைத்துப் போனார். 1614-இல் அங்கே நாடு முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை. குருவானவர்களே இல்லாமல், நாகசாகிப் பக்கத்துக் குடும்பங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ரகசியமாக ஜெபித்தன. "மறைத்ததால்தானே பிழைத்தது?" என்று கேட்டார். அந்த மக்களைப் பற்றி நான் ஒரு சொல்கூடக் குறைத்துப் பேச மாட்டேன். இயேசுவின் உருவத்தையும் மாதாவின் உருவத்தையும் மிதிக்கச் சொன்ன அதிகாரிகளின் கண் முன்னால் வாழ்ந்துகொண்டே பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆனால் சகோதரர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே! மீதியை நான் சொல்கிறேன்.

1865 மார்ச் 17. நாகசாகியில் வெளிநாட்டவர்களுக்காகக் கட்டிய ஓவுரா கோயிலுக்கு, உராகாமி கிராமத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவானவரிடம், தங்கள் இருதயமும் அவர் இருதயமும் ஒன்றுதான் என்று ஒரு பெண் சொன்னார். மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார். தடை நீங்கிவிட்டதா அப்போது? இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்புகூட அதே கிராமத்தில் ஆட்களைப் பிடித்துப்போயிருந்தார்கள். தெரிந்தேதான் வந்தார்கள்.

அப்புறம் 1867. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த கோயிலில் பதிந்திருக்க வேண்டும், சாவு வீட்டில் அந்தத் துறவிதான் சடங்கு செய்ய வேண்டும் என்பது அன்றைய சட்டம். உராகாமி மக்கள் துறவியை அழைக்கவில்லை. தங்கள் வீட்டுச் சாவைத் தாங்களே ஜெபம் சொல்லி அடக்கம் செய்தார்கள். வெளிப்படையாக வாழ்வது வம்பை விலைக்கு வாங்குவது என்றாரே சகோதரர், இதில் வம்பு எங்கே இருக்கிறது? யாரையும் ஏசவில்லை, யார் கோயிலையும் தொடவில்லை. வீட்டில் இறந்தவர்களைத் தங்கள் விசுவாசப்படி புதைத்தார்கள், அவ்வளவுதான்.

அதற்குக் கிடைத்த தண்டனை? முதலில் கைது, சித்திரவதை. 1868 தொடங்கி, ஏறக்குறைய 3,400 பேரை, கிராமத்தையே காலி செய்து, ஜப்பானுக்குள்ளேயே தூரப் பகுதிகளுக்குக் கடத்தினார்கள். 600 பேருக்கு மேல் அங்கேயே இறந்தார்கள். வலி தாங்காமல் விசுவாசத்தை விட்டுவிட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல இந்த மேடையில் யாருக்கும் தகுதி இல்லை.

இந்தக் கொடுமை வெளியே தெரிந்தது. வெளிநாட்டுத் தூதர்கள் கண்டித்தார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன ஜப்பானியத் தூதுக்குழு போன இடமெல்லாம் கேள்வியைச் சந்தித்தது. 1873-இல் அரசு, கிறிஸ்தவத்துக்குத் தடை என்று எழுதி வைத்திருந்த பலகைகளை இறக்கியது. நடுவர் அவர்களே, அந்த மக்கள் மறைவிலேயே இருந்திருந்தால், உலகம் யாருக்காகப் பேசியிருக்கும்?

பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். உருவங்களை மிதிக்கவைத்த கிராமத் தலைவரின் வீட்டை 1880-இல் விலைக்கு வாங்கி, அங்கேயே கோயில் வைத்தார்கள். இனி எதிரணிச் சகோதரர் எழுந்து, அவர்கள் மறைந்தே இருந்திருக்கலாம் என்று சொல்லட்டும், கேட்கிறேன்.