மண் சுவர் கற்கப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மண்ணால் வீடு கட்டக் கற்றுக்கொள்ள ஆசை, கட்டணப் பயிற்சிக்குப் போக வசதி இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. இயற்கையை ஒட்டி வாழும் கூட்டுக் குடியிருப்புகள் பலவற்றில் தினம் நான்கைந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்தால் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும். வேலையும் கற்றுத் தருவார்கள். 1971இல் இங்கிலாந்தில் வார இறுதிப் பண்ணை வேலையாகத் தொடங்கிய வூஃப் (WWOOF) அமைப்பு இந்த முறைக்கு ஒரு முன்னோடி. இப்போது கட்டட வேலைக்கும் இதே ஏற்பாடு நடக்கிறது.

ஆனால் மூன்று வாரம் மண் மிதித்துவிட்டு வந்த பிறகும் சொந்தமாக ஒரு சுவர் வைக்கத் தெரியாமல் நிற்பவர்கள் நிறைய. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எந்த மண், எவ்வளவு மணல் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். அவர்களுக்குக் கிடைத்தது மிதிக்கிற வேலை மட்டும். மண் வேலையின் அறிவு முக்கால்வாசி அந்த முடிவில்தான் இருக்கிறது. அதனால் விண்ணப்பிக்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். நான் வரும் வாரங்களில் கட்டடம் எந்த நிலையில் இருக்கும்? கலவையை நானே சோதித்துப் பார்க்கச் சில மணி நேரம் கிடைக்குமா? இரண்டாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

சோதனை என்று எதைச் சொல்கிறேன்? மேல்மண்ணை ஒதுக்கிவிடுங்கள், அதில் இருக்கும் மக்கு சுவருக்குள் அழுகும். அதற்குக் கீழே தோண்டிய மண்ணை ஒரு கண்ணாடிச் சாடியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கிவிடும். அதன் மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி, அதாவது ஒட்டும் களிமண், படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அளவுகோலை வைத்து மூன்று அடுக்கையும் அளந்து எழுதுங்கள். இங்கே ஏமாற்றுவது வண்டல்தான். ஈரத்தில் களி மாதிரியே வழவழப்பாக இருக்கும், ஆனால் எதையும் பிடித்து வைக்காது. அதனால் சாடியை மட்டும் நம்பாமல், ஈர மண்ணை விரலுக்கிடையே நாடாவாக நசுக்கிப் பாருங்கள். நீண்டு தொங்கினால் களி இருக்கிறது; சிறிது நீண்டதுமே முறிந்தால் களி போதவில்லை.

பிறகு அதே மண்ணில் மூன்று சிறு கட்டிகள் செய்யுங்கள்: ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு, மூன்று பங்கு. ஒவ்வொன்றிலும் விகிதத்தைக் கீறி, நிழலில் ஒரு வாரம் காய விடுங்கள். வெடித்தது களி மிஞ்சியது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்வது மணல் மிஞ்சியது. கையால் ஒடிக்கச் சிரமப்படுத்துவதுதான் உங்கள் கலவை. இந்த ஒரு வாரக் காத்திருப்புக்காகவே குறைந்தது நான்கு வாரம் தங்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் வாரத்தில் பழகாத கை வீட்டுக்காரருக்கும் பாரம்தான், அதையும் மனத்தில் வையுங்கள்.

கலவை பிசைவது தார்ப்பாய் மேல். மண்ணையும் மணலையும் முதலில் காய்ந்தபடியே கலந்துவிட்டு, நடுவில் குழி செய்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மிதிக்க வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று மிதித்து, தார்ப்பாயின் ஓரத்தை இழுத்தால் மண் சுருண்டு புரளும், மறுபடி மிதி. மண் ஒட்டிச் சேர்ந்த பிறகே வைக்கோலைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவ வேண்டும். வைக்கோல்தான் வேண்டும், மாட்டுக்குப் போடும் காய்ந்த புல்லைப் போட்டால் அதிலுள்ள விதை முளைக்கும், இலை மக்கும். பதம் பார்க்க ஓர் உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். தட்டையாகப் பரவினால் தண்ணீர் அதிகம், சிதறினால் குறைவு. உருண்டை சற்றே நசுங்கி உருவத்தோடு கிடந்தால் சுவருக்குப் போகலாம்.

சுவரைப் படை படையாக ஏற்றுவார்கள். ஒரு நாளைக்கு 30 முதல் 45 சென்டிமீட்டர் வரைதான். அவசரப்பட்டு ஏற்றினால் ஈர மண் தன் பாரத்தாலேயே அடியில் பிதுங்கி வெளியே தள்ளும். அப்படித் தள்ளிய இடத்தைக் கட்டை விரலால் உள்ளே திணிக்கப் பார்க்காதீர்கள்; பாதி உலர்ந்ததும் பழைய ரம்பத்தால் செதுக்கி, தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்க்க வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும் மேல்மட்டத்தைச் சொரசொரப்பாக விட்டு, குச்சியால் துளைபோட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். மறுநாள் படை அந்தத் துளைகளில்தான் பிடிக்கும்.

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மண் வீடுகளுக்கு நல்ல செருப்பும் நல்ல தொப்பியும் வேண்டும் என்பார்கள். செருப்பு கல் அடிமானம். தரைக்கு மேல் 45 சென்டிமீட்டராவது கல் இருக்கட்டும். தொப்பி கூரையின் இறவாரம். சுவரை விட்டு 60 சென்டிமீட்டர் வெளியே நீளட்டும். அங்கே பழைய மண் வீடுகள் மேல் சிமெண்டு பூசியது பெரும் கேடாக முடிந்தது. சிமெண்டில் விழுந்த கீறல் வழியே உள்ளே போன ஈரம் திரும்ப வெளியேற முடியாமல் சுவருக்குள் தங்கி, அடிப்பகுதியைக் குழைத்துவிட்டது. மண் சுவருக்கு மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோதான், வேறு யோசனையே வேண்டாம். பூச்சும் சுவர் நன்றாக உலர்ந்து அமர்ந்த பிறகே. தடித்த சுவருக்கு அது மாதக்கணக்கு. நீங்கள் தங்கும் காலத்தில் சுவர் வேலையும் பூச்சு வேலையும் இரண்டுமே கிடைக்க வேண்டுமானால், இரண்டு கட்டடங்கள் வெவ்வேறு நிலையில் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

பாதுகாப்பில் மூன்று விஷயம். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பு மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணைப் பறித்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்தத் தொட்டி பக்கமே போகாதீர்கள். இரண்டாவது, காய்ந்த மண்ணைச் சலிக்கும்போது முகக்கவசம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மூன்றாவது பலருக்குத் தெரியாதது. மண் தரைக்கு ஆளி விதை எண்ணெய் தடவிய துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துத் தனித்தனியே வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய இரும்பு வாளியில் முக்குங்கள்.

இன்னொன்று. பல நாடுகளில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பதிலாகச் செய்யும் வேலையும் சட்டப்படி வேலைதான். சுற்றுலா விசாவில் அதைச் செய்வது தவறாகிவிடலாம். புறப்படும் முன் அந்நாட்டுத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். கைமுறிந்தால் யார் செலவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பழுது பார்க்கும் வேலை கொடுத்தால் சலித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மாலி நாட்டின் ஜென்னே நகரத்தில் 1907இல் இன்றைய வடிவில் எழுந்த மண் மசூதிக்கு ஊரே திரண்டு ஆண்டுதோறும் புதுப் பூச்சு இடுகிறது. மண் கட்டடம் நிற்பது அந்த மாதிரி வேலையால்தான். பெயர்ந்த இடத்தில் உறுதியான மண் வரும்வரை சுரண்டி எடுத்து, ஓரங்களை உள்நோக்கி வெட்டி, தூசியைத் தூரிகையால் தட்டி, தண்ணீர் தெளித்து ஊற விட்டு, மறுபடி தெளித்து, அதன் பிறகே அதே மண்ணால் செய்த கலவையை அழுத்தி அப்ப வேண்டும். நனைக்காமல் அப்பிய மண்ணின் ஈரத்தைப் பழைய சுவர் ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். காய்ந்த பிறகு விரல் நுனியால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலான சத்தம் கேட்டால் அது பிடிக்கவில்லை, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர் தெளிப்பதிலிருந்து தொடங்குங்கள்.