நரிக்கும் மானுக்கும் ஒரே ரைபிள் போதுமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் இதைத்தான் முதலில் எடுக்கிறேன். கேட்டவர் நம்ம சுங்கை சிப்புட் அக்கா ஒருவர், குரல் பதிவைப் போட்டதுமே, பழைய தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி இருந்தவர் என்று தெரிந்துவிட்டது. கேள்வி இதுதான். அக்காவின் மகளும் மாப்பிள்ளையும் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் ஒரு ஆட்டுப் பண்ணையில் இருக்கிறார்கள். குட்டி போடுகிற பருவத்தில் நரி வந்து தூக்குகிறது, எப்போதாவது காட்டுநாய், அப்புறம் புல்லை மேய ஃபாலோ மான் கூட்டமாக இறங்குகிறது. இரண்டு பேரும் லைசன்ஸ் எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற வகை) போதுமா, கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டா போடுகிற ரைபிளை எடுத்துக் காட்டினாராம், அதை வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்கச் சொன்னாராம்.

பதிலுக்கு முன்னால் ஒன்று. இதைப் பார்க்கிற உள்ளூர்த் தம்பிகள் யாரும் எனக்கும் ஒரு ரைபிள் என்று கிளம்பிவிடாதீர்கள். இங்கே மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் 1971-ஆம் ஆண்டு சட்டம் ஒன்று தண்டனையைக் கூட்டி வைத்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் பன்றி விரட்டுகிற நம் ஆட்கள் கையில் இருப்பது லைசன்ஸ் போட்ட ஷாட்கன், பன்றி சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் லைசன்ஸ் தனியாக வேண்டும். துப்பாக்கி விஷயத்தில் நம் சனத்துக்குப் பழைய காயமும் உண்டு, தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியை 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டது துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்குத்தான். அதனால் நான் சொல்லப்போவது முழுக்க அந்த ஊர்க் கதை. நான் அங்கே பதினோரு வருஷம் பண்ணை வேலை பார்த்துவிட்டு வந்தவன், அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

சரி, மேக்னம் வேண்டாம். மாப்பிள்ளைக்கு அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள் அக்கா. ஆஸ்திரேலிய நரி ஒன்று ஐந்திலிருந்து எட்டுக் கிலோ இருக்கும், நம்ம லயத்து நாயைவிடச் சின்னது. அதற்கு .300 மேக்னம் என்பது கொசு அடிக்க உலக்கையைத் தூக்குவது மாதிரி. நரி செத்துப்போகும், அதில் சந்தேகமில்லை, ஆனால் சுடுகிறவர் தோள் என்ன ஆவது? அந்தத் தோட்டாவின் உதை, நான் அடுத்துச் சொல்லப்போகிற .243 தோட்டாவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நாலு நாள் அந்த உதை வாங்கினால் ஐந்தாம் நாள் விசையை அழுத்துவதற்கு முன்னாலேயே கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் பின்வாங்கும். அந்தப் பழக்கம் ஒருதடவை ஒட்டிக்கொண்டால் சின்னத் துப்பாக்கி கொடுத்தாலும் போகாது. எனக்குத் தெரிந்து நல்ல கையுள்ள இரண்டு பேர் இப்படித்தான் கெட்டுப்போனார்கள்.

அப்போ எது? என் பதில் .243 வின்செஸ்டர். இந்த .243, .300 என்கிற எண்ணெல்லாம் ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில். 1955-இல் வந்த தோட்டா, .308 தோட்டாவின் கழுத்தை ஒடுக்கிச் செய்தது. 58 கிரெய்ன் குண்டிலிருந்து 100 கிரெய்ன், அதற்குக் கொஞ்சம் மேலே வரை கடையில் கிடைக்கும். 100 கிரெய்ன் என்றால் ஆறரை கிராம், விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகும். 200 மீட்டரில் குண்டு குறியிலேயே படுகிற மாதிரி ஸ்கோப்பைத் திருத்தினால் 100 மீட்டரில் சுமார் 5 செ.மீ. மேலே படும், 300 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கும். பண்ணையில் இதற்கு மேல் தூரத்தில் சுடுகிறவர் ஒன்று ரொம்பக் கெட்டிக்காரர், இல்லை பொய் சொல்கிறார்.

இன்னும் சின்னத் தோட்டாவான .223 போதாதா என்று மாப்பிள்ளை அடுத்து கேட்பார், ஏனென்றால் தோட்டா மலிவு, உதையே தெரியாது. நரிக்கு மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கேள்வியில் ஃபாலோ மான் இருக்கிறதே. விக்டோரியாவில் மான் வேட்டை விதி என்ன சொல்கிறது என்றால், ஃபாலோ மானுக்குக் குறைந்தபட்சம் .243 விட்டம், குண்டு 80 கிரெய்ன் எடைக்குக் குறையக் கூடாது. ஆக .223 அங்கேயே விழுந்துவிடுகிறது. அதே விதி சாம்பார் மானுக்கு .243-ஐயும் ஒத்துக்கொள்ளாது. சாம்பார் என்றால் வேறு ஒன்றும் இல்லை, நம் காட்டில் ருசா என்கிறோமே, அதே கடமான்தான். வெள்ளைக்காரன் அங்கே கொண்டுபோய் விட்டது, இப்போது கிப்ஸ்லாந்து மலைப் பக்கமெல்லாம் அதுதான். பெரிய கிடா 200 கிலோவைத் தாண்டும். அதனால் அக்கா, மாப்பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, பண்ணை எந்தப் பக்கம், இறங்குவது ஃபாலோ மட்டும்தானா? ஃபாலோ மட்டும் என்றால் .243. கடமானும் வருகிறது என்றால் .308 வாங்கட்டும், கொஞ்சம் உதைக்கும், சமாளிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் அலைய வேண்டாம்.

ஒரே ரைபிள் போதுமா என்பதற்குப் போதும் என்பதுதான் என் பதில், ஆனால் இதில் ஒரு கொக்கி உண்டு, அதை நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே குட்டி போடுவது குளிர்காலத்தில். ஒரு ஜூலை மாத ராத்திரி முதலாளி பிக்கப்பில் நின்று விளக்குப் பிடிக்கிறார், நான் கூரைமேல் ரைபிளைச் சாய்த்து வைத்திருக்கிறேன், விரல் மரத்துப்போகிற குளிர். முதலாளி வாயில் பொத்தான் மாதிரி ஒரு தகர விசில், அதை உறிஞ்சி ஊதினால் அடிபட்ட முயல் கத்துகிற மாதிரியே இருக்கும், நரிக்கு அது சாப்பாட்டு மணி. வேலி ஓரத்தில் இரண்டு கண் பளிச்சென்று தெரிந்தது. என் ரைபிள் 100 கிரெய்ன் குண்டுக்குத் திருத்தியது. ஆனால் அன்றைக்கு நான் கெட்டிக்காரத்தனமாக, நரிக்கு இலேசான குண்டு போதும் என்று 58 கிரெய்ன் பெட்டி ஒன்று வாங்கி அதை நிரப்பியிருந்தேன். சுட்டேன், நரி அப்படியே நின்று பார்த்தது. பதற்றத்தில் போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுக்காமல் பாதியில் தள்ளிவிட்டேன். போல்ட் மேகசினில், அதாவது தோட்டா அடுக்கில், இருக்கும் அடுத்த தோட்டாவுக்குப் பின்னால் வரை போனால்தானே அதை முன்னே தள்ள முடியும்? விசையை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நரி திரும்பி நடந்து போயிற்று, ஓடக்கூட இல்லை.

காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு குட்டி கிடக்கிறது, ஒன்றுக்கு நாக்கு மட்டும் இல்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கே அட்டை கட்டி வைத்து 100 மீட்டரில் அந்த 58 கிரெய்ன் குண்டைச் சுட்டுப் பார்த்தேன், நான் வைத்த குறியிலிருந்து நாலு விரல்கடை இடது பக்கம் தள்ளிக் கீழே படுகிறது. துப்பாக்கியில் கோளாறு இல்லை. எடையும் வேகமும் மாறினால் குழல் அதிர்கிற விதம் மாறும், குண்டு படுகிற இடமும் மாறும், ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒவ்வொரு மாதிரி. .243 இரண்டு வேலைக்கும் ஆகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், இரண்டு தோட்டாவுக்கும் ஒரே குறி நிற்காது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அதற்கப்புறம் நான் ஒரே தோட்டாதான் வைத்துக்கொண்டேன், 100 கிரெய்ன் மென்முனைக் குண்டு (பட்டதும் விரிகிற வகை), நரிக்கும் அதுவே மானுக்கும் அதுவே. நரித்தோலை யாரும் விற்கப்போவதில்லையே, கொஞ்சம் கிழிந்தால் என்ன. மறுபக்கமும் சொல்ல வேண்டும், இலேசான குண்டு நரிக்குள்ளேயே பொடியாகிவிடும், கனமான குண்டு நரியைத் துளைத்துக்கொண்டு இன்னும் போகும். ஆடு மேய்கிற இடம், பக்கத்துப் பண்ணை வீடு, எல்லாம் அந்தப் பக்கம்தான். அதனால் நரிக்குப் பின்னால் மேடு, மண் தெரிந்தால் மட்டும் சுட வேண்டும், வானம் தெரிந்தால் விரலை எடுத்துவிட வேண்டும். வீடுகள் நெருக்கமான பண்ணை என்றால் நரிக்கு 58 கிரெய்னையே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ராத்திரி கிளம்புவதற்கு முன் அந்தக் குண்டுக்கு அட்டையில் சுட்டுத் திருத்திக்கொண்டுதான் போக வேண்டும், மான் பக்கம் போகும்போது மறுபடியும் மாற்ற வேண்டும்.

கம்பெனி எது என்று எல்லாரும் சண்டை போடுவார்கள், நான் அதில் ரொம்ப நேரம் போக்கமாட்டேன். பின்லாந்தில் சாக்கோ கம்பெனி செய்கிற டிக்கா டி3எக்ஸ், ஜப்பான் ஹோவா 1500, இந்த இரண்டில் எது கைக்கு வாகோ அது. டிக்காவின் போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும், எடை குறைவு. ஹோவா கொஞ்சம் கனம், அந்தக் கனமே உதையைத் தின்றுவிடும். எனக்கு ஹோவாவில் பிடித்தது அதன் பாதுகாப்புப் பூட்டு. மூன்று நிலை உண்டு, நடு நிலையில் விசை பூட்டியிருக்கும்போதே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம். டிக்காவில் பூட்டினால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், தோட்டாவை எடுக்கப் பூட்டைத் திறந்தாக வேண்டும். பண்ணையில் ஒரு ராத்திரிக்கு இருபது தடவை கேட் திறக்க இறங்கி ஏற வேண்டியிருக்கும், அப்போது இது பெரிய விஷயம். எந்தத் துப்பாக்கியானாலும் வண்டிக்குள் ஏறும்போது குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறை காலியாக இருக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. வீட்டில் இரும்புப் பெட்டி, தோட்டாவுக்கு வேறு பூட்டு, அதெல்லாம் லைசன்ஸ் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள்.

மெல்லிய குழல் வேண்டுமா கனத்த குழல் வேண்டுமா என்றால் மெல்லியதே போதும். மூன்று குண்டு சுட்டதும் சூடேறிப் படுகிற இடம் கொஞ்சம் நகரும்தான், ஆனால் எந்த நரி நாலாவது குண்டுக்கு நிற்கிறது?

ஸ்கோப்பில், அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கியில், காசைச் சேமிக்க வேண்டாம், ஆனால் பெரிதாகவும் வேண்டாம். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது, முன்கண்ணாடி 40 மி.மீ., அது போதும். பதினாறு மடங்கு வாங்கியவர்கள் அதை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் நாற்பது மீட்டரில் நரியைத் தேடுவார்கள், கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒரு கொத்து மயிர்தான், தலையா வாலா என்றே தெரியாது. நாலில் வைத்துவிட்டுப் போக வேண்டும், தூரமென்றால் கூட்டிக்கொள்ளலாம்.

அக்கா கடைசியாகக் கேட்டது, மகளும் அதே துப்பாக்கியில் சுட முடியுமா, அவள் மாப்பிள்ளையைவிட ஒரு அடி குட்டை என்று. இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தோளில் வைக்கிற பின்கட்டை மகளுக்கு நீளமாக இருந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஸ்கோப்பைத் தேடுவாள், தோளில் சரியாக உட்காராது, உதைக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தை வெட்டும். என் வலது புருவத்தில் இருக்கிற தழும்பைப் பாருங்கள், கேமராவில் தெரிகிறதா, அது மேக்னத்தில் வாங்கியது. குட்டைக் கட்டைக்குப் பழகிக்கொள்வது உயரமான ஆளுக்குச் சுலபம், நீளக் கட்டைக்குக் குட்டையான ஆள் பழகவே முடியாது. அதனால் அளவு மகளுக்குப் பார்த்து வாங்கட்டும், மாப்பிள்ளைக்கு வேண்டுமென்றால் பின்தட்டுக்கு உள்ளே ஸ்பேசர் என்கிற ஒரு இடைத்துண்டு வைத்து நீட்டிக்கொள்ளலாம். கடையில் துப்பாக்கி காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறக்கும்போது ஸ்கோப்பில் கறுப்பு வளையம் இல்லாமல் முழு வட்டம் தெரிந்தால் கட்டை சரியான அளவு. அப்புறம், கடைக்குப் போகிற அன்றைக்கு வெயில் அடித்தாலும் பரவாயில்லை, ராத்திரிக் காவலுக்குப் போடுகிற தடித்த ஜாக்கெட்டை மகள் போட்டுக்கொண்டு போகட்டும். மெல்லிய சட்டையில் சரியாக இருந்த கட்டை ஜூலைக் குளிரில் இரண்டு விரல்கடை நீளமாகிவிடும்.