குரல்களைச் சேர்த்து வைப்போம்

நண்பர்களே,

விண்வெளி பற்றிய பாட்காஸ்டுகளில் எதிலிருந்து தொடங்கலாம் என்று மாணவர்கள் கேட்டால், பிபிசி உலக சேவை 2019இல் வெளியிட்ட ‘13 மினிட்ஸ் டு த மூன்’ என்று தயங்காமல் சொல்வேன். தொகுத்து வழங்கியவர் கெவின் ஃபாங். அப்போலோ 11 நிலவில் இறங்கிய கடைசி 13 நிமிடங்களைச் சுற்றியே அதன் முதல் பருவம் முழுவதும் அமைந்திருக்கிறது.

1969 ஜூலை 20. அப்போலோ 11இன் தரையிறங்கு கலமான ஈகிள் நிலவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. திடீரென்று கணினி ‘1202’ என்று எச்சரிக்கிறது. அது என்னவென்று சொல்லுங்கள் என்று ஆம்ஸ்ட்ராங் கேட்கிறார். எப்போதும் நிதானமான அந்தக் குரலில் ஓர் அவசரம். ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் முடிவு சொல்லவேண்டிய ஸ்டீவ் பேல்ஸுக்கு 26 வயது. பின்னறையில் அவருக்குத் துணையிருந்த ஜாக் கார்மனுக்கு 24. முன்பு ஓர் ஒத்திகையில் இப்படியொரு எச்சரிக்கையைக் கண்டு, தேவையில்லாமல் தரையிறக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள். அதன் பிறகு எச்சரிக்கை எண்கள் அத்தனையையும் கார்மன் கைப்பட எழுதி மேசைமேல் வைத்திருந்தார். கணினிக்கு வேலைப்பளு மிகுந்துவிட்டது, முக்கியமான வேலைகளை அது விடாது, எச்சரிக்கை ஓயாமல் வராதவரை இறங்கலாம் என்பது அவர் கணிப்பு. சில நொடிகளில் அனுமதி போய்ச் சேர்ந்தது.

புத்தகத்தில் இது ஒரு பத்தி. காதால் கேட்கும்போதோ, கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலுள்ள அந்த மௌனத்தில் நமக்கே மூச்சு முட்டுகிறது.

கார்மன் 2016இல் மறைந்துவிட்டார். ஆனால் நாசாவின் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் 2001லேயே அவரை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்திருந்தது. ராக்கெட் கட்டுவதற்குச் சற்றும் குறைந்ததல்ல இந்த முன்யோசனை என்பேன்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியருகே தரையிறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இறங்க எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 19 நிமிடங்களில் பெங்களூரு கட்டுப்பாட்டு அறையில் யார் என்ன நினைத்தார்கள்? 2019இல் சந்திரயான்-2இன் லேண்டர் கைநழுவிப்போன இரவு அவர்கள் மனத்தில் எங்கே இருந்தது? மேடைப் பேச்சுகளும் பேட்டிகளும் வந்திருக்கின்றன. நான் கேட்பது நிதானமான, நீண்ட, தமிழிலேயே நடக்கும் உரையாடல்: மென்பொருள் எழுதியவரிடம், எஞ்சினைச் சோதித்தவரிடம், திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம்.

இங்கே ஒலிப்பதிவு தெரிந்த மாணவர்கள் இருக்கிறீர்கள். சந்திரயானில் உழைத்தவர்களுக்கு, அவர்கள் நினைவு மங்குவதற்குள் கடிதம் எழுதுங்கள், நேரம் கேளுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.